பழத்தின் பெயரில் ஒரு சத்தம்

நாக்கை வெளியே நீட்டுங்கள். ரொம்ப வேண்டாம், நுனி மட்டும் போதும். இரண்டு உதடுகளாலும் அதை மெல்லக் கவ்விக்கொண்டு, வாய்க்குள் இருக்கும் காற்றைப் பலமாக ஊதுங்கள்.

‘ப்ர்ர்ர்ர்ர்!’

வந்ததா? எச்சில் தெறித்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். துடைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது முறைத்தால் அறிவியல் சோதனை செய்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

இந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ராஸ்பெரி! கேலி செய்வதற்காக ஒருவர் இப்படி ஊதினால், ‘அவன் ராஸ்பெரி ஊதினான்’ என்றுதான் ஆங்கிலேயர் சொல்வார்கள்.

ஆனால் ராஸ்பெரி ஒரு பழம். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியில் காய்ப்பது. குளிர்ப் பிரதேசத்துப் பழம் என்பதால் நம் ஊர்ப் பழக்கடைகளில் அதிகம் பார்க்க முடியாது. நீலகிரி, கொடைக்கானல் மலைப் புதர்களில் அதன் உறவுக்காரச் செடிகள் காய்க்கின்றன. சிவப்பாக, சின்னச் சின்ன மணிகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணியும் தனித்தனிக் குட்டிப் பழம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. இந்தப் பழத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று உண்டு. பறிக்கும்போது அது தன் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்துவிடும். அதனால் உள்ளே வெற்றிடம். குட்டிக் குல்லாய் மாதிரி விரல் நுனியில் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு சாதுவான பழம் எந்தச் சத்தமும் போடுவதில்லை. கடித்தால்கூட நொறுங்காது. பிறகு யார் இந்த எச்சில் சத்தத்துக்கு அதன் பெயரை வைத்தார்கள்?

விடை லண்டன் தெருக்களில் கிடக்கிறது. போய்த் தேடலாம்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் துறைமுகத்தையும் சந்தைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளி மக்களைக் ‘காக்னி’ என்பார்கள். யார் அசல் காக்னி என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சீப்சைடு தெருவில் செயின்ட் மேரி லெ போ என்ற தேவாலயம் இருக்கிறது. அதன் மணியோசை கேட்கும் தூரத்துக்குள் பிறந்தவரே காக்னி! 1617ஆம் ஆண்டு அகராதி ஒன்றிலேயே இந்த விளக்கம் அச்சாகியிருக்கிறது. 1666இல் லண்டனை அழித்த பெருந்தீயில் அந்தத் தேவாலயம் எரிந்துபோனது. கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் அதை மறுபடி கட்டினார். இரண்டாம் உலகப்போரில், 1941இல், குண்டு விழுந்து மணிகள் நொறுங்கின. புதிய மணிகள் ஒலித்தது 1961இல்தான். அப்படியானால் நடுவில் இருபது ஆண்டுகள் பிறந்த குழந்தைகள் காக்னி இல்லையா? கணக்குப்படி இல்லை! ஆனால் அந்த ஊர் அம்மாக்கள் யாரும் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் ஒலியியலும் இருக்கிறது. 2012இல் ஒலியியல் வல்லுநர்கள் அந்த மணியோசை எட்டும் தூரத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். குதிரை வண்டிக் காலத்தில் பல மைல் பரவிய ஓசை, இப்போது சின்ன வட்டமாகச் சுருங்கிவிட்டது. மணி மெல்ல அடிப்பதால் இல்லை. சுற்றிலும் கார், லாரி, விமானம், குளிர்சாதன எந்திரம் என்று இரைச்சல் ஏறிவிட்டது. ஓர் ஒலி கேட்க வேண்டுமானால் அது பின்னணி இரைச்சலைத் தாண்டி நம் காதுக்கு வர வேண்டும். தாண்ட முடியாவிட்டால் அதற்குள்ளேயே மறைந்துபோகும். இதை ஒலி மறைப்பு என்பார்கள். மிக்சி ஓடும்போது அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கவில்லை அல்லவா, அதேதான்.

இந்தக் காக்னித் தெருக்களில் 1840களில் ஒரு விளையாட்டுப் பேச்சு முளைத்தது. ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற புத்தகக் கடைக்காரர் 1859இல் கொச்சைச் சொற்களுக்கென்று ஓர் அகராதி வெளியிட்டார். நாகரிகமானவர்கள் காதைப் பொத்திக்கொண்ட சொற்களையெல்லாம் அவர் உட்கார்ந்து எழுதி வைத்தார். அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தப் பேச்சைத் தெருவில் செய்தித்தாள், பாட்டுத்தாள் விற்றவர்கள் பேசியதாக அவர் குறித்திருக்கிறார். நம் ஊர்ச் சந்தைகளில் ஒரு காலத்தில் கொலைச்சிந்துப் புத்தகங்களைப் பாடி விற்றார்களே, ஏறக்குறைய அதே தொழில். காய்கறி, பழம் விற்றவர்களுக்கு வேறொரு மறைமொழி இருந்தது. அவர்கள் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிப் பேசினார்கள். பையனைக் குறிக்கும் ‘பாய்’ என்ற ஆங்கிலச் சொல் அப்படித்தான் ‘யாப்’ ஆனது. ஊர் வம்பு பண்ணும் இளைஞனை ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘யாப்’ என்கிறார்கள்.

ஏன் இப்படி மறைத்துப் பேச வேண்டும்? 1829இல் லண்டனுக்குப் புதிதாகக் காவல்துறை வந்திருந்தது. அவர்களுக்குப் புரியாமல் பேசத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்க வந்தவர் முன்னாலேயே வியாபாரிகள் விலை பேசிக்கொள்ளத்தான் என்று வேறு சிலர். சும்மா விளையாட்டுக்குத்தான் என்பவர்களும் உண்டு. நான் விளையாட்டின் பக்கம். ‘க’ சேர்த்து ‘க-பாஷை’ பேசிய பிள்ளைகள் போலீசுக்குப் பயந்தா பேசினார்கள்?

இனி அந்தப் பேச்சின் சூத்திரத்தைப் பார்க்கலாம். தமிழ்ச் செய்யுளில் அடிகளின் கடைசிப் பகுதி ஒன்றுபோல் ஒலித்தால் அதற்கு இயைபு என்று பெயர். காக்னிக்காரர்கள் செய்தது இயைபு வேலை. ஆனால் அதில் ஒரு தந்திரம் உண்டு. தமிழிலேயே செய்து பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

நீங்களும் உங்கள் தோழியும் ‘சோறு’ என்ற சொல்லை இனிமேல் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று பேசி வைத்துக்கொள்கிறீர்கள். சோறு என்பதோடு இயைவது ஆறு. வெறும் ‘ஆறு’ என்றால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ‘வைகை ஆறு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘இன்னைக்கு வைகை ஆறு சாப்பிட்டியா?’ இதுவரை இது வெறும் இயைபு. ஒரு வாரம் போகிறது. ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்ல அலுப்பாக இருக்கிறது. ‘ஆறு’ உதிர்ந்துவிடுகிறது. ‘வைகை சாப்பிட்டியா?’ ‘எனக்கு வைகை போதும், மோர் ஊத்து.’

இப்போது பக்கத்து பெஞ்சுக்காரர் என்னதான் மூளையைக் கசக்கினாலும் பிடிக்க முடியாது. வைகைக்கும் சோற்றுக்கும் ஓசையில் ஒற்றுமையே கிடையாது. ஒற்றுமையைச் சுமந்துகொண்டிருந்த சொல்லைத்தான் நீங்கள் உதிர்த்துவிட்டீர்களே! பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தூக்கி எறிந்த மாதிரி.

லண்டனில் நடந்ததும் இதுதான். பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘லுக்’. அதற்கு இயைபாகப் ‘புட்சர்ஸ் ஹுக்’ என்றார்கள். கசாப்புக் கடைக்காரர் இறைச்சி மாட்டும் கொக்கி என்று அர்த்தம். பிறகு கொக்கி உதிர்ந்தது. ‘ஒரு புட்சர்ஸ் விட்டுட்டு வா’ என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வா என்று பொருள். இதே கொக்கி கப்பலேறி ஆஸ்திரேலியா போனது. உடம்பு சரியில்லை என்பதற்கும், கோபமாக இருப்பதற்கும் அங்கே ‘க்ரூக்’ என்று ஒரு சொல் உண்டு. அதுவும் ‘ஹுக்’ என்பதோடு இயைகிறது. அதனால் அங்கே ‘புட்சர்ஸ்’ என்றால் நோய், அல்லது கோபம். லண்டன்காரர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதை, சிட்னிக்காரர் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

‘சைனா’ என்ற சொல்லின் பயணம் இன்னும் அழகு. அது ஒரு நாட்டின் பெயர். அந்த நாட்டிலிருந்து வெள்ளை வெளேரென்ற பீங்கான் பாத்திரங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அதனால் பீங்கானுக்கே ஆங்கிலத்தில் சைனா என்று பெயர் வந்தது. பீங்கான் தட்டு ‘சைனா பிளேட்’. ‘பிளேட்’ என்பதோடு இயைவது ‘மேட்’, அதாவது சேக்காளி. பிளேட் உதிர்ந்தது. ‘வா, என் சைனா!’ என்றால் வா நண்பா என்று அர்த்தம். நாட்டில் தொடங்கி, மண்ணுக்கு வந்து, தட்டுக்குப் போய், கடைசியில் நண்பனின் தோளில் கைபோட்டு நிற்கிறது ஒரே சொல்.

இன்னொரு வேடிக்கை. உலர்ந்த திராட்சை போட்ட ரொட்டியைக் ‘கரன்ட் பன்’ என்பார்கள். அது ‘சன்’ என்பதற்கு இயைபு. எந்தச் சன்? சூரியனுக்கும் மகனுக்கும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஓசை ஒன்று. இயைபு காதின் வேலை. காதுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாது. அதனால் கரன்ட் பன் சூரியனும் ஆனது, மகனும் ஆனது. பிற்பாடு ‘சன்’ என்ற பெயரில் வந்த நாளிதழைக்கூட அப்படியே கூப்பிட்டார்கள்.

சூத்திரம் கைக்கு வந்துவிட்டது. இப்போது நம் பழத்துக்குத் திரும்பலாம்.

‘டார்ட்’ என்பது மாவைக் கிண்ணம்போல் தட்டி, நடுவில் பழக்கூழ் வைத்துச் சுடும் ஒரு பலகாரம். ராஸ்பெரி டார்ட் இங்கிலாந்தின் அடுமனைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. அதோடு இயைகிற சொற்கள் என்னென்ன? ‘ஹார்ட்’ ஒன்று. இதயம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன்காரர்கள் தங்கள் நெஞ்சையே ராஸ்பெரி டார்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். காதலில் விழுந்தவர் ‘என் ராஸ்பெரி டார்ட் படபடக்கிறது’ என்று சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று ‘ஃபார்ட்’. தமிழில் சொன்னால் குசு.

சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அந்தச் சொல்லை நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. அச்சில் வரவே வராது. அதனால் ராஸ்பெரி டார்ட் அதற்கு முக்காடு போட்டது. பிறகு வழக்கம்போல டார்ட் உதிர்ந்தது. செடியிலிருந்து பறித்த பழம் தன் நடுத்தண்டை விட்டுவிட்டு வருகிற மாதிரி, இயைபை விட்டுவிட்டு ராஸ்பெரி மட்டும் தனியாக வந்தது. அடுத்த படியில், அந்தச் சத்தத்தைப் போல வாயால் எழுப்பும் சத்தத்துக்கும் அதே பெயர் போனது. 1890இல் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதியிலேயே வாயால் ஊதும் ராஸ்பெரி இடம்பெற்றுவிட்டது. குதிரை வண்டிக்காரர்களும் நாடகக் கொட்டகை ரசிகர்களும் அதை நன்றாகப் பழகியிருந்தார்கள். மேடையில் பாடுபவர் சரியில்லை என்றால் மாடத்திலிருந்து ராஸ்பெரி பறந்துவரும். காலப்போக்கில் ‘அவனுக்கு ராஸ்பெரி கிடைத்தது’ என்றாலே அவனை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிட்டது.

இதயம் என்ற அர்த்தமோ மெல்ல மறைந்துபோனது. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்து, ஒன்று சிரிப்பு மூட்டுவதாக இருந்தால், மற்றது பிழைப்பது கஷ்டம். உருகி உருகிக் காதல் சொல்லும்போது எதிரில் இருப்பவர் களுக்கென்று சிரித்தால் யார்தான் மறுபடி அந்தச் சொல்லைத் தொடுவார்கள்?

ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். உடம்பின் கீழ்முனையில் வரும் சத்தமும் மேல்முனையில் நாம் எழுப்பும் சத்தமும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன? காப்பியடிப்பது மட்டுமே காரணம் இல்லை. இரண்டும் ஒரே எந்திரம்!

நாக்கும் உதடும் சேர்ந்து ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதும்போது கதவுக்குப் பின்னால் காற்றழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் அது கதவைத் தள்ளித் திறக்கிறது. காற்று பாய்ந்து வெளியேறுகிறது. வெளியேறிய உடனே உள்ளே அழுத்தம் குறைகிறது. நாக்கும் உதடும் மீள்தன்மை உள்ள தசைகள். ரப்பர் மாதிரி பழைய இடத்துக்குத் திரும்பிக் கதவை அடைத்துவிடுகின்றன. மறுபடி அழுத்தம் ஏறுகிறது. திறப்பு, அடைப்பு, திறப்பு, அடைப்பு. உதடும் நாக்கும் இப்படி ஒரு நொடிக்கு 20லிருந்து 30 தடவை வரை அதிரும். ஒவ்வொரு திறப்பிலும் ஒரு பொட்டுக் காற்று. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊதிப் பாருங்கள், அந்தப் பொட்டுகள் தோலில் தட்டும்.

இன்னும் இரண்டு சோதனை. உதட்டை இறுக்கிக்கொண்டு ஊதுங்கள், சத்தம் உயரும். தளர்த்துங்கள், இறங்கும். கம்பியை முறுக்கினால் சுருதி ஏறுகிற மாதிரிதான். அடுத்து, குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை வெறும் காற்றால் ஊதுங்கள், இன்னொரு தடவை ‘ஊ’ என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊதுங்கள். இரண்டாவது தடவை விரலுக்கடியில் இன்னோர் அதிர்வு தெரியும். அது உங்கள் குரல்நாண். அதுவும் இதே திறப்பு, அடைப்பு வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வேகம் அதிகம். வளர்ந்த ஆண்களுக்கு நொடிக்கு 100க்குச் சற்று மேல், பெண்களுக்கு 200 சுமார், குழந்தைகளுக்கு அதைவிடவும் கூடுதல். அவ்வளவு வேகமாக அடித்தால் காது தனித்தனியாக எண்ணாமல் ஒரே இழையாகக் கேட்டுக்கொள்கிறது. அதுதான் குரல். நொடிக்கு 20, 30 என்றால் காதுக்கு ஒவ்வொரு தட்டலும் அரைகுறையாகப் பிரிந்து கேட்கும். அதனால்தான் ராஸ்பெரி இனிமையாக இல்லாமல் கரகரவென்று இருக்கிறது.

கீழே இருப்பதும் தசைக் கதவுதான். சுருக்குப்பை வாய் மாதிரி வட்டமான தசை. குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் உணவைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. நாம் விழுங்கும் காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த வாயு சுருக்குத் தசையைத் தள்ளித் திறக்கிறது, தசை மூடப் பார்க்கிறது. மிச்சம் உங்களுக்கே தெரியும். அதில் பெரும்பகுதி நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற மணமே இல்லாத வாயுக்கள். மூக்கைப் பொத்த வைப்பவை மிகக் கொஞ்சமே கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள். கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் உதட்டில் நடப்பதும் இதே அதிர்வுதான். நீண்ட குழல் அதை ஒழுங்குபடுத்திப் பெரிதாக்கி, ஊரைக் கூட்டும் இசையாக்கிவிடுகிறது.

உதடு துடிக்கும் ஒலியைச் சில மொழிகள் எழுத்தாகவே வைத்திருக்கின்றன. பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த மானஸ் தீவில் பேசப்படும் கெலே, டிட்டான் மொழிகளில், இரண்டு உதடுகளும் படபடக்கும் ஒரு மெய்யொலி உண்டு. நமக்கு விளையாட்டாகத் தோன்றுவது அங்கே அன்றாடப் பேச்சு. கேலியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

லண்டனில் பிறந்த நம் சொல் பிற்பாடு அமெரிக்கா போனது. அங்கே ராஸ்பெரியை இன்னும் நறுக்கி ‘ராஸ்’ என்று ஆக்கினார்கள். ஒருவரைக் கிண்டல் செய்வதற்கு அதுவே வினைச்சொல் ஆகிவிட்டது. பழத்தின் கால்வாசிதான் மிச்சம்! 1981இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒருவர் தன் வீட்டில், முந்தைய ஆண்டின் மோசமான படங்களுக்கென்று விளையாட்டாக ஒரு விருது விழா நடத்தினார். தங்க ராஸ்பெரி விருது. ஆஸ்கர் விழாவை ஒட்டி அது இன்றுவரை நடக்கிறது. 2010இல் சான்ட்ரா புல்லக் என்ற நடிகை ஒரு படத்துக்காக அந்த விருதை நேரில் வந்து சிரித்துக்கொண்டே வாங்கினார். மறுநாள் வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் வாங்கினார். இரண்டு மேடையிலும் ஏறத் துணிந்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லா இயைபுகளும் சிரித்து மகிழ்வதற்கு உரியவை அல்ல. ‘ராஸ்பெரி ரிப்பிள்’ என்று ஓர் ஐஸ்கிரீம். அதன் ஓசையை வைத்து மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைச் செய்தார்கள். ரிப்பிள் உதிர்ந்ததும் அதுவும் வெறும் ராஸ்பெரி ஆனது. அந்த அர்த்தம் மனிதர்களைப் புண்படுத்துகிறது. அதை நான் இங்கே சொல்வது, இப்படியும் ஒரு சொல் திரும்பிக் குத்தும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள மட்டுமே.

நமக்கு நெருக்கமான ஒரு சொல்லும் இந்த ஆட்டத்தில் மாட்டியிருக்கிறது. ‘கறி’. சங்க காலத்தில் அது மிளகு. பிறகு காய்கறி, குழம்பு, இறைச்சி என்று வளர்ந்தது. கடல் வியாபாரிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் ‘கரி’ ஆனது. ஆங்கில அகராதிகளே அதன் வேர் தமிழ் என்று எழுதியிருக்கின்றன. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1935இல் ரூபி மரே என்ற பாடகி பிறந்தார். 1955இல் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாட்டுகள் பிரிட்டனின் முதல் இருபது பாட்டுகளில் இடம்பிடித்தன. ‘மரே’ என்பதை லண்டன்காரர்கள் ‘மரி’ என்றுதான் உச்சரிப்பார்கள். மரி, கரி. போதாதா? ‘ராத்திரி ஒரு ரூபி சாப்பிடலாமா?’ என்று ஒரு லண்டன்காரர் கேட்டால், அந்த ரூபிக்குள் மரேயும், மரேக்குள் கரியும், கரிக்குள் நம் வீட்டு அடுப்படியும் இருக்கின்றன.

இவ்வளவு அர்த்தங்களை வைத்துக்கொண்டு மூளை எப்படிக் குழம்பாமல் இருக்கிறது? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் இதற்கு ஓர் அருமையான சோதனை செய்தார். ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் கருவிக்கும் அதே பெயர். அவர் ஆட்களின் காதில் ஒரு வாக்கியத்தை ஓடவிட்டார். அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல ‘பக்’குகள் இருந்தன என்பது மாதிரியான வாக்கியம். இங்கே பூச்சிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ‘பக்’ காதில் விழுந்த அதே நொடியில் எதிரே திரையில் ஒரு சொல் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெற்று எழுத்துக் கோவையா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எறும்பு’ என்று வந்தால் வேகமாக அழுத்தினார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் ‘ஒற்றன்’ என்று வந்தாலும் வேகமாக அழுத்தினார்கள்! சம்பந்தமே இல்லாத ‘தை’ (தையல் போடுவது) என்ற சொல்லுக்கு மட்டும் அந்த வேகம் வரவில்லை.

இதன் பொருள் என்ன? வாக்கியம் முழுக்கப் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தும், மூளை ஒட்டுக்கேட்கும் கருவி என்ற அர்த்தத்தையும் ஒரு கணம் திறந்து பார்த்திருக்கிறது. அதே சோதனையில் திரைச்சொல்லை மூன்று அசை தள்ளிக் காட்டினார் ஸ்வின்னி. இப்போது எறும்புக்கு மட்டும்தான் வேகம். ஒற்றன் போய்விட்டான். தேவையில்லாத அர்த்தத்தை மூளை மூடி வைக்க ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. ‘பூக்கடையில் மாலை வாங்கினாள்’ என்று படிக்கும்போது சாயங்காலமும் நம் மனத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். நமக்குத்தான் அது தெரிவதில்லை. நல்ல சிலேடை என்ன செய்கிறது தெரியுமா? மூடப்போன அந்த இரண்டாவது கதவை அப்படியே பிடித்துக்கொள்கிறது.

சொல்லுக்கு மட்டும்தான் பல அர்த்தமா? அந்தச் சத்தத்துக்கே பல அர்த்தம் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாலு மாதம் ஆன குழந்தை இருந்தால் கவனியுங்கள். நாலாம் மாதத்திலிருந்து ஆறு, ஏழாம் மாதம் வரை குழந்தைகள் கீச்சிடும், உறுமும், உமிழ்நீர் பறக்க ‘ப்ர்ர்ர்’ என்று ஊதும். ‘பா பா’, ‘மா மா’ என்று அடுக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் குழந்தைக்கு யார்மேலும் கேலி இல்லை. உதடு, நாக்கு, மூச்சு மூன்றையும் சேர்த்து இயக்கிப் பார்க்கிறது, அவ்வளவே.

அமெரிக்க ஆய்வு மையங்களில் வளரும் சிம்பன்சிகளும் இதைச் செய்கின்றன. கையில் உணவோடு ஓர் ஆள் நின்றுகொண்டு, சிம்பன்சியைக் கவனிக்காமல் இருக்கும்போது அது ராஸ்பெரி ஊதும். காட்டில் அவை இயல்பாகப் போடும் கூவல்களில் இது சேர்ந்தது இல்லை. ‘இங்கே பார்’ என்று மனிதனைக் கூப்பிடவே இந்தச் சத்தத்தைப் பயன்படுத்துகின்றன என்று 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

போர்னியோ, சுமத்ரா தீவுகளின் ஒராங்குட்டான்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு காடுகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளை விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு காட்டில் இருந்து இன்னொரு காட்டில் இல்லாத 24 பழக்கங்கள் கிடைத்தன. பிறவியில் வராமல், ஒன்றைப் பார்த்து இன்னொன்று பழகிக்கொண்டவையாக அவை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் ராஸ்பெரியும் இருக்கிறது. ஒராங்குட்டான் ஒவ்வொரு மாலையும் மரத்தின் மேல் புதிதாகப் படுக்கை கட்டும். கிளைகளை வளைத்து, மடித்து, இலைகளைப் பரப்பி, அதன் மேல் சாய்ந்துகொள்ளும். குட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான காடுகளில் இந்த வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். சில காடுகளில் மட்டும், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், இலைப் படுக்கைக்குள்ளிருந்து வருகிறது ஒரு ‘ப்ர்ர்ர்ர்ர்’.